மேகலாவின் பெயரில் வந்தது

ஜூன் 3

ஜாஸ்மின் டீச்சர் தினமும் எதையாவது எழுதச் சொல்லியிருக்கிறார். மாநகராட்சிப் பள்ளியில் மாலை வகுப்பு முடித்தவர்களில் எழுபதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் சாமி பெயரை எழுதித் தொடங்குகிறார்கள். எனக்கு முதலில் எழுதத் தோன்றுவது சமையலறைத் தொட்டியைப் பற்றி.

நேற்று சாப்பிட்ட தட்டுகள் அதில் கிடக்கின்றன. ரசத்தில் ஊறிய பருக்கைகள் புழு மாதிரி உப்பி மிதக்கின்றன. ஓட்டை அடைத்துக்கொண்டு தண்ணீரின் மேல் எண்ணெய் ஆடை படிந்திருக்கிறது. அந்த ஆடையின் மேல் என் மகன் தரணிதரன் டீ குடித்த டம்ளரை வைத்துவிட்டு ஆபீஸ் போயிருக்கிறான். வைத்தான் என்பது பொய். மிதக்கவிட்டான்.

அருவருப்பு. இந்த வார்த்தையை எழுதிப் பார்த்ததில் பெரிய சந்தோஷம். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடுகிறது. எழுதினால் அங்கேயே நிற்கிறது, யாரும் துடைக்க முடியாது.

ஜூன் 4

தொட்டி இப்படி ஆனதற்குக் காரணம் மருமகள் மேகலாவின் இன்டர்ன்ஷிப். எம்.சி.ஏ. கடைசி டேர்ம் படிக்கிறாள். மூன்று மாதம் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஒரு வேலையைச் செய்துமுடிக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிற அம்மா கனடாவில் இருக்கிறார். அவர் பாஸ் போட்டால் கல்லூரியும் பாஸ் போடும். இல்லாவிட்டால் டேர்மை மறுபடி படிக்க வேண்டும். மறுபடி என்ற பேச்சே கிடையாது என்று தரணிதரன் முதலிலேயே சொல்லிவிட்டான். இதோடு படிப்பு முடிய வேண்டும், பாஸானாலும் ஆகாவிட்டாலும்.

"ஓப்பன் சோர்ஸ்ங்கறயே, அதென்ன அம்மணி?" என்று கேட்டேன்.

"ஊர் ஒலகத்துல இருக்கறவங்கெல்லாம் சேந்து எழுதற ப்ரோகிராமுங்க மாமா. ஆரு வேணா எழுதலாம், ஆரு வேணா எடுத்துக்கலாம். பூட்டி வெக்கறதில்ல."

"அன்னதானமாட்ட."

"அப்படியே வெச்சுக்கங்க." சிரித்தாள். சோபாவில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்த தரணிதரன், "ஓசில எழுதிக் குடுக்கறதுக்கு இத்தன அலட்டல்" என்றான். ஒரு நகம் தெறித்து என் வேட்டியில் விழுந்தது. கோயமுத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர். நகம் வெட்ட இடம் தெரியவில்லை.

ஜூன் 9

மேகலா எழுதுகிற ப்ரோகிராம், கண் தெரியாதவர்களுக்காகக் கம்ப்யூட்டரில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிறது. இன்று நானே ஒரு விரலால் தட்டினேன். திரு. மாரப்பன், வயது 71.

கம்ப்யூட்டர் சொன்னது: "திரு புள்ளி மாரப்பன் காற்புள்ளி வயது ஏழு ஒன்று."

இருவரும் சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் என் பெயரை அது சொன்னது. நான் எழுதி, வேறொன்று அதைப் படித்தது. வாழ்நாளில் முதல் தடவை. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன்.

புள்ளியை எப்போது படிக்க வேண்டும், எப்போது விட வேண்டும், எழுபத்தொன்றை ஏழு ஒன்று என்று படிக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும், இதுதான் மேகலாவின் வேலை. புள்ளி சுலபமாம். எண்கள்தான் பாடு.

ஜூன் 16

கனடா அம்மாவை இன்று கம்ப்யூட்டரில் பார்த்தேன். நகுலேஸ்வரி என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர். மேகலா வணக்கம் சொல்கிறாள், அந்த அம்மா மூஞ்சியைத் திருப்பி எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். பேசி முடிக்கும்வரை ஒரு தடவைகூட எங்களைப் பார்க்கவில்லை. என்ன திமிர். பந்தியில் சாம்பார் கேட்கும்போது முகத்தைப் பார்க்காமல் விரலை மட்டும் ஆட்டுகிற சம்பந்திகளை நாற்பது வருடம் பார்த்தவன் நான். கல்யாண மண்டபங்களில் பரிமாறுவதுதான் என் தொழிலாக இருந்தது. அந்த ஜாதி ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்கள் எல்லாத்தையும் எனக்குத் தனிய எழுதிக் கேக்கிறியள், பிள்ளை. அது சரிவராது. குழுவிலை கேளுங்கோ, எல்லாருக்கும் தெரியக் கேளுங்கோ."

"எல்லாருக்கும் முன்னாடி எனக்குத் தெரியலன்னு சொல்றதுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க அக்கா."

"உங்களுக்கு விளங்காதது இன்னும் கனபேருக்கு விளங்காது. அவையும் வாசிப்பினம். இஞ்சை ஒண்டும் ஒளிச்சு வைக்கிறேல்லை. நீங்கள் அழிச்சு எழுதினதும் நிக்கும். அதுதான் எங்கடை வழக்கம்."

உள்ளாடையைத் தெருவில் காயப்போடுகிற மாதிரி ஒரு வழக்கம். மேகலா சரி சரி என்று தலையாட்டினாள். ஆனால் குழுவில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ராத்திரியும் தனியாகத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 25

சாம்பாரில் முடி. என்னுடையது அல்ல. எனக்கு முடி இல்லை.

ஜூலை 2

தொட்டியைக் கழுவினேன். ஓட்டைக்குள் விரலைவிட்டு இழுத்தபோது வந்ததை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நிற்கும்.

தரணிதரன் பார்த்துவிட்டு, "நீங்க எதுக்குப்பா இதெல்லாம்? அவ கழுவட்டும்" என்றான்.

"நீ கழுவுடா."

"எனக்கு மீட்டிங் இருக்கு."

நாளையும் நானே கழுவுவதாக இருக்கிறேன். அவளுக்காக அல்ல. நாற்றம் தாங்கவில்லை.

ஜூலை 12

பாதி வழிப் பரீட்சை. மேகலா பாஸ். ஆனால் வேலை மெதுவாக நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்களாம். எண்கள் இன்னும் முடியவில்லை. இலட்சம் வந்தால் கம்ப்யூட்டர் திக்குகிறது. ஆகஸ்ட் நடுவில் புது ப்ரோகிராம் எல்லோருக்கும் போய்ச் சேருமாம், அதற்குள் முடிக்க வேண்டும்.

தட்டு, டம்ளர், குக்கர். குக்கர் ரப்பரில் பச்சையாகப் பூஞ்சை.

ஜூலை 23

மேகலாவுக்குக் காய்ச்சல். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. வாந்தி எடுத்த வாளியை நான்தான் கொட்டினேன். அவள் கூச்சப்பட்டாள். மண்டபத்தில் இதைவிட மோசமானவற்றை அள்ளியிருக்கிறேன் அம்மணி என்றேன். உண்மையில் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

ஜூலை 27

நல்ல செய்தி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரணிதரன் தானாகவே மேகலாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். டீ வருவதற்குள் எண்கள் வேலையை முடித்து, மேகலாவின் பெயரில் அனுப்பியும் விட்டான்.

"இவ்வளவுதாம்ப்பா மேட்டரு. இதுக்குத்தான் உங்க மருமக மாசக்கணக்கா முக்கிட்டிருந்தா."

என் மகன் கெட்டிக்காரன். பெண்டாட்டி படுத்திருக்கும்போது ஒத்தாசை செய்தானே என்று மனசு குளிர்ந்தது. ராத்திரி பெரிய தோசையை அவனுக்கு வைத்தேன்.

ஜூலை 30

கனடா அம்மா அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அருமை பிள்ளை, நல்லாய்ச் செய்திருக்கிறியள்" என்று குழுவில் எழுதியிருக்கிறார். அதை நானே படித்தேன், மேகலாவுக்கும் படித்துக் காட்டினேன். காய்ச்சல் கண்ணோடு அவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எதுவுமே செய்யலீங்களே மாமா" என்றாள்.

ஆகஸ்ட் 3

காய்ச்சல் விட்டது. மேகலா கம்ப்யூட்டரைத் திறந்தாள். எனக்கும் கை அரித்தது. சமையலறையில் பார்த்ததை அப்படியே தட்டினேன். அரிசி இருப்பு 0.

கம்ப்யூட்டர் சொன்னது: "தங்கள் கணக்கில் இருப்பு இல்லை."

நான் சிரித்தேன். மேகலா சிரிக்கவில்லை. பருப்பு இருப்பு 0 என்று அவள் தட்டினாள். "தங்கள் கணக்கில் இருப்பு இல்லை." பொம்பளைக் குரலில், மரியாதையாக.

பிறகு தரணிதரன் எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை, அதனால் பக்கத்திலேயே இருந்தேன். அவள் முகம் பருப்பு தீய்ந்த பாத்திரம் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

ஆகஸ்ட் 4

நேற்று சாயங்காலம் நடந்ததைப் பொறுமையாக எழுதுகிறேன்.

வெளியே போய்வந்த தரணிதரன் ஷூவைக் கழற்றும்போதே அவள் கேட்டாள். "ஏனுங்க, அந்த நம்பர் வேலைய எங்கிருந்து எடுத்தீங்க?"

"எழுதினேன்."

"ஃபோன்ல பேலன்ஸ் சொல்றதுக்கு உங்க ஆபீஸ்ல பேங்க்குக்குச் செஞ்சீங்களே, அதுதான இது?"

கொஞ்ச நேரம் சாக்ஸை உருவிக்கொண்டிருந்தான். "அதையும் நாந்தான் எழுதினேன். ஆபீஸ்ல உக்காந்து எழுதினா என் மூளை இல்லைன்னு ஆயிருமா?"

"சம்பளம் வாங்கிட்டு எழுதுனது அவங்களுதுங்க. அவங்க பூட்டி வெச்சத எடுத்து, எல்லாருக்கும் குடுக்கற எடத்துல கொட்டிருக்கீங்க. எம்பேருல."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"எல்லாருக்கும்! எல்லாருக்கும் தெரியற மாதிரிதான் அங்க வெக்கறதே! நாளைக்கு உங்க கம்பெனி வந்து கேட்டா, மொத்தத்தையும் நிறுத்தோணும். கண்ணு தெரியாதவங்க எத்தன பேரு இத நம்பிட்டிருக்காங்க தெரியுமா?"

"அப்ப சொல்லு. போய்ச் சொல்லு. எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல திருடிட்டாருன்னு சொல்லு. எனக்கு வேலை போயிரும். ஈ.எம்.ஐ. உன்ர ஓப்பன் சோர்ஸ் கட்டும்."

அப்போது நான் வாயைத் திறந்தேன். ஒரு மண்டபத்தில் பார்த்ததைச் சொன்னேன். மத்தியானப் பந்தியில் யாரோ தொடாமல் விட்ட ஜாங்கிரிகளை, இலை மடிப்பதற்குள் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து, சாயங்காலம் வேறு கல்யாணத்தில் மேனேஜர் பரிமாற வைத்தான். துணியின் நிறம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஜாங்கிரியில் ஒரு குறையும் இல்லை. பளபளவென்று இருந்தது. நான் கொல்லைப்புறம் போய் வாந்தியெடுத்தேன்.

"ஜாங்கிரியும் ப்ரோகிராமும் ஒன்னாப்பா?"

"ரெண்டும் அடுத்தவன் எலையில இருந்து எடுத்ததுதானடா."

"சும்மா இருங்கப்பா. இப்பத்தான் ரெண்டு எழுத்துப் படிச்சீங்க, அதுக்குள்ள நாயம் பேச வந்துட்டீங்க."

சரிதான். இப்போதுதான் படித்தேன். அதனால்தான் அவன் சொன்னதை எழுதி வைக்க முடிகிறது.

பெரிய தோசையை இவனுக்கா வைத்தேன்.

ஆகஸ்ட் 6

மேகலா சொன்னால் அவள் ஃபெயில். சொல்லாவிட்டால் அந்த எச்சில் இன்னும் கொஞ்ச நாளில் ஊர் உலகத்துக்கெல்லாம் போய்விடும். தரணிதரன் அவள் பின்னாலேயே நடக்கிறான். "மூணு வாரம் கம்முனு இரு. பாஸாகிக்க. அப்பறம் மெதுவா மாத்திக்கலாம்." பல் தேய்த்துக்கொண்டே சொன்னான். நுரை தரையில் சொட்டியது. துடைக்கவில்லை.

ஆகஸ்ட் 7

மேகலா குழுவில் எழுதிவிட்டாள். எல்லோருக்கும் தெரிய. அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"எண்களைப் படிக்கும் பகுதி என் பெயரில் வந்திருக்கிறது. அதை நான் எழுதவில்லை. அது ஒரு கம்பெனிக்குச் சொந்தமானது. கொடுப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. உடனே எடுத்துவிடுங்கள். என் பெயரில் வந்ததற்கு நானே பொறுப்பு."

"தெரியலன்னு கேக்கறதுக்கே வெக்கப்பட்டவ, இத எப்படி அம்மணி எழுதுன?" என்றேன்.

"இப்பவும் வெக்கந்தானுங்க மாமா." சொல்லிக்கொண்டே அனுப்பினாள்.

ஆகஸ்ட் 8

குழுவில் பலர் பதில் எழுதியிருந்தார்கள். நல்ல வேளை சொன்னீர்கள் என்று சிலர். ஒரே ஒருவர் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தார். முதல் எழுத்து தி. அடுத்தது ரு. கூட்டி முடிக்கும்வரை அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. அதுவரை நன்றாக இருந்தது.

அதற்குப் பதில் எழுத எனக்குக் கெட்ட வார்த்தைகள் நிறையத் தெரியும். டீச்சர் எதையும் சொல்லித்தரவில்லை, நானே எழுதிப் பழகினேன். மேகலா அனுப்ப விடவில்லை.

ஆகஸ்ட் 10

கனடா அம்மா பேசினார். மறுபடியும் சுவரைப் பார்த்துக்கொண்டு. மேகலா முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில். தரணிதரன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். கம்ப்யூட்டரில் தெரியாத இடமாகப் பார்த்து நின்றான்.

"ஆர் எழுதினதெண்டு நான் கேக்கேல்லை" என்றார் அந்த அம்மா. "எந்தக் கொம்பனி எண்டும் கேக்கேல்லை. முழுக்க எடுத்துப்போட்டம். புது வெளியீட்டிலை எண்கள் பழையபடிதான் போகும். ஆனா பிள்ளை, மற்றாக்கள் எழுதினதைத் தன்ரை பேரிலை குடுத்தா பாஸ் இல்லை எண்டது விதி. நீங்கள் காய்ச்சல் எண்டு படுத்திருந்தியளோ, இல்லையோ, உங்கடை திறப்பு உங்கடை பொறுப்பு. என்னாலை பாஸ் போட ஏலாது." திறப்பு என்றால் அவர்கள் ஊரில் சாவி.

"தெரியுமுங்க அக்கா."

"தெரிஞ்சும் எழுதினனீங்கள். அதை நான் மறக்கமாட்டன்." தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். "உங்களுக்குப் பின்னாலை ஆரோ நிக்கினம். மூச்சு வாங்கிற சத்தம் கேக்குது. அவருக்கும் கேக்கட்டும் எண்டுதான் சத்தமாய்ச் சொல்லுறன். இந்தப் பிள்ளை ஒருதரையும் காட்டிக் குடுக்கேல்லை."

தரணிதரன் முன்னால் வருவான் என்று நினைத்தேன். இரண்டு வார்த்தை. ஒரு மன்னிப்பு. வாசற்படியைத் தாண்டினால் போதும். அவன் மெதுவாகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் வெகு நேரம் கொட்டியது.

எழுபது வருடத்தில் எத்தனையோ அசிங்கத்தைப் பார்த்திருக்கிறேன், கையால் அள்ளியிருக்கிறேன். இந்தத் தண்ணீர் சத்தம் மாதிரி எதுவும் என்னைக் குமட்டியதில்லை.

பேச்சு முடிந்ததும், "அந்தம்மாவுக்கு அவன் நிக்கறது எப்படித் தெரிஞ்சுது?" என்று மேகலாவைக் கேட்டேன்.

"கண்ணு தெரியாதவங்களுக்குக் காது கூர்மையா இருக்குமுங்க மாமா. அவங்களே இந்த ப்ரோகிராம வெச்சுத்தான் வேலையே பாக்கறாங்க. மொதல்லயே சொன்னனே?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜூன் மாதத்தில் அப்படி எழுதியிருக்க மாட்டேன். இப்போது அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். அழித்ததும் நிற்கும் என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார். நிற்கட்டும்.

ஆகஸ்ட் 19

பாஸ் இல்லை என்று ஆன பிறகும் மேகலா காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். எண்களை முதலிலிருந்து தானே எழுதுகிறாள். இப்போது தெரியாததையெல்லாம் குழுவில் கேட்கிறாள். எல்லோர் முன்னாலும். ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கிறாள் என்று பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மலேசியாவிலிருந்து ஒருவர் விளக்குகிறார். தி என்று தொடங்கி எழுதிய அந்த ஆளும் இன்று ஒரு வழி சொல்லியிருக்கிறார். நல்ல வழியாம். இருந்தாலும் அவரை எனக்குப் பிடிக்காது.

ஆகஸ்ட் 29

இன்டர்ன்ஷிப்பின் கடைசி நாள். மற்ற மாணவர்கள் சான்றிதழைக் குழுவில் போட்டிருந்தார்கள். மேகலா ஒவ்வொருவருக்கும் வாழ்த்து எழுதினாள்.

மத்தியானம் அவளுடைய எண்கள் பகுதியைச் சேர்த்துக்கொண்டார்கள். சான்றிதழுக்கு இல்லை, சும்மா. கீழே எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். திரு. மாரப்பன், வயது 71 என்று தட்டினேன்.

"திரு மாரப்பன் வயது எழுபத்தொன்று."

ஒரு புள்ளி இல்லை, ஒரு காற்புள்ளி இல்லை. அரிசி இருப்பையும் தட்டினேன். "அரிசி இருப்பு பூஜ்யம்" என்றது. நிஜமாகவே பூஜ்யம்தான். கடைக்குப் போகவேண்டும்.

ஆகஸ்ட் 31

தரணிதரன் இன்று மூன்று வாரத்தில் முதல் தடவையாக உற்சாகமாக இருந்தான். ஆபீஸில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. புரோட்டா வாங்கிவந்தான். சால்னாப் பையைப் பல்லால் கிழித்தான்.

"நல்ல வேளை, பெருசாகாம முடிஞ்சுது. படிப்புப் படிப்புன்னு ஓடுனதெல்லாம் போதும். இனி வீட்டப் பாரு."

மேகலா அவன் தட்டில் சால்னா ஊற்றியபடியே சொன்னாள். "டேர்ம மறுபடி படிக்கறதுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேனுங்க. நாளையில இருந்து காலேஜ்."

"என்னது? எங்கிட்டக் கேட்டயா?"

"கேக்கலீங்க. சொல்றேன்."

"நான் அன்னைக்கே சொன்னேன். மறுபடிங்கற பேச்சே கெடையாதுன்னு."

"நான் படிச்சு ஃபெயிலாகலீங்க. நீங்க எழுதி ஃபெயிலானேன்." குரலை உயர்த்தவில்லை. "உங்க பேர நான் சொல்லல. அது உங்களுக்காக இல்ல. எம்பேருல வந்ததுக்கு நாந்தான் பதில் சொல்லோணும்னு சொன்னேன். இந்தப் படிப்பும் எம்பேருலதான் இருக்குது."

அவன் என் பக்கம் திரும்பினான். உதட்டில் சால்னா எண்ணெய் வழிந்தது. "அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா. வீட்ட ஆரு பாக்கறது? காலைல ஆரு சமைக்கறது?"

சொல்கிறேன் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"காலேஜ் பஸ் எத்தன மணிக்கு அம்மணி?"

"ஏழேகாலுக்குங்க மாமா."

"அப்ப ஆறரைக்குள்ள டிபன் ஆயிரும். போய்ப் படு."

செப்டம்பர் 1

நான் வாழ்நாள் முழுக்கப் பரிமாறியவன், சமைத்தவன் அல்ல. உப்புமா கட்டி கட்டியாக வந்தது. அடியில் பிடித்து, மேலே வேகாமல், நடுவில் களிம்பு மாதிரி. கரண்டியில் எடுத்தால் விழமாட்டேன் என்கிறது. பார்க்கவே எனக்குக் குமட்டியது. தரணிதரன் மூக்கைச் சுளித்துக்கொண்டு தொடாமல் எழுந்து போனான்.

மேகலா இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.